பேரூருக்குப் போகும் முன்

வரும் ஞாயிற்றுக்கிழமை பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்கு ஒரு வரலாற்று நடை போகலாம் என்று சில மாணவத் தோழர்கள் திட்டம் போட்டிருக்கிறார்கள். என்ன பார்ப்பது, எதைப் படித்துவிட்டு வருவது என்று கேட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு எகிப்தின் கர்னாக் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்பது கனவு. "அங்கே போக முடியாது, அதனால் பேரூர்" என்று எழுதியிருந்தார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் கர்னாக்கிலிருந்தே தொடங்குகிறேன், காரணம் இருக்கிறது.

கர்னாக்கில் அமுன் என்ற கடவுளுக்கு மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டிக்கொண்டே போன பெருங்கோயில் இருக்கிறது. இன்று சீட்டு வாங்கிய யார் வேண்டுமானாலும் அதன் கருவறை வரை நடந்து போகலாம். கட்டப்பட்ட காலத்தில் அது முடியாது. சடங்கு முறைப்படி தூய்மை செய்துகொண்ட பூசாரிகளுக்கு மட்டுமே உள்ளே இடம். உழவரும் குயவரும் கடவுளைப் பார்ப்பது என்றால், திருவிழா நாளில் படகு வடிவப் பல்லக்கில் அவர் வெளியே வரும்போதுதான். அப்போதும் சிலையைத் திரை மூடியிருக்கும். மற்ற நாட்களில் அவர்கள் கோயிலின் கிழக்குப் பின்புறத்துக்குப் போனார்கள். அங்கே வெளிச்சுவரை ஒட்டி மூன்றாம் துட்மோஸ் கட்டிய சிறு வழிபாட்டிடம் ஒன்று உண்டு. வேண்டுதலைக் கேட்கும் அமுன் அங்கே இருப்பதாக நம்பிக்கை. காதுகளைச் செதுக்கிய சிறு கற்பலகைகளை மக்கள் எகிப்துக் கோயில்களில் காணிக்கையாக வைத்தார்கள். உள்ளே விடமாட்டாய், வெளியிலிருந்து சொல்வதையாவது கேள் என்பதுதானே அதற்குப் பொருள்?

திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொல்லி, வெளியில் நின்றபடியே நந்தனார் சிவனைப் பார்த்த கதை நமக்குத் தெரியும். உடுப்பியில் கனகதாசருக்காகத் திறந்ததாகச் சொல்லும் ஜன்னலும் தெரியும். எகிப்தில் இருந்தது நம் சாதி அல்ல, இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் ஒரு பழங்கோயிலைச் சுற்றிவரும்போது, இதை எழுப்பியவர்கள் எந்த இடம் வரை வரலாம் என்று இருந்தது என்ற கேள்வி இரண்டு ஊரிலும் செல்லும்.

பேரூரில் அந்தக் கேள்விக்குப் பதில் கல்லிலேயே கொஞ்சம் இருக்கிறது.

கனகசபை மண்டபத்துக்குத்தான் எல்லோரும் முதலில் போவார்கள். 17ஆம் நூற்றாண்டில் அளகாத்ரி நாயக்கர் கட்டுவித்தது. தூணுக்குத் தூண் ஆளுயரத்துக்கு மேல் சிற்பங்கள்: யானையை உரித்த சிவன், அகோர வீரபத்திரர், காளி. விதானத்தில் தொங்கும் கற்சங்கிலியை வழிகாட்டிகள் தவறாமல் காட்டுவார்கள். நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு நல்ல வேலை அது. கட்டுவித்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. உளி பிடித்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

அந்த மண்டபத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய கல்வெட்டு ஒன்று கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் இருக்கிறது. அதே ஆணை பேரூரிலும் கொங்கின் வேறு சில ஊர்களிலும் வெட்டப்பட்டது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு மன்னன் கன்மாளருக்கு, அதாவது கம்மாளருக்கு, எழுதிக்கொடுத்த ஆணை அது. தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், கல்தச்சர் எல்லோரும் கம்மாளர். இனிமேல் உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்புப் போடலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவுதான் ஆணை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் கரூர்ப் படி அச்சாகியிருக்கிறது. கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

இதை மன்னனின் கருணை என்று எழுதுகிற வரலாற்று நூல்களும் உண்டு. எனக்கு இது குற்ற ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. செருப்புப் போடலாம் என்று ஒரு அரசன் கல்லில் வெட்டித் தர வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய நாள் வரை போடக்கூடாது. கோயில் சுவருக்குக் கல் அடுக்கியவன் தன் வீட்டு மண்சுவருக்குச் சுண்ணச்சாந்து பூச முடியாது. தடை விதித்த ஆணை எதுவும் நமக்குக் கிடைப்பதில்லை. தடை ஊர் வழக்கமாகவே இருந்தது, அதை யாரும் எழுதி வைக்கத் தேவைப்படவில்லை. தளர்த்தியபோதுதான் எழுத்து தேவைப்பட்டது. பழைய கல்வெட்டுகளில் 'இனி இதைச் செய்யலாம்' என்று எங்கே வந்தாலும், அதற்குப் பின்னால் இருந்த 'செய்யக்கூடாது' என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

கம்மாளருக்காவது இந்தக் கல் கிடைத்தது. அவர்களிடம் கேட்டு வாங்கும் பலம் இருந்திருக்க வேண்டும், தேரும் சிலையும் அவர்கள் இல்லாமல் நடக்காது. அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு? கொங்கில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அவர்கள் அதைப் போட்டு நடக்கலாம் என்ற ஆணையை நான் எந்தக் கோயில் சுவரிலும் பார்த்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளில் நம் மக்கள் வருகிறார்கள்தான். எப்படி வருகிறார்கள்? கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரியில்லாத நிலத்தைக் கழித்துக் காட்டும் பட்டியலில், ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி தனியாக இருந்தது என்பதற்கு, சோழர் பொற்காலம் பேசுகிறவர்கள் கொண்டாடும் அதே சுவர்தான் சாட்சி.

செருப்பு விஷயம் பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் கம்பள நாயக்கர் தெருவில் தலித் மக்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. 2023 டிசம்பரில், தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மற்ற அமைப்புகளும் உடன்வர, சுமார் 60 பேர் அந்தத் தெருவில் செருப்போடு நடந்தார்கள். உங்களில் பலர் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அடுத்து நந்தி. பேரூர் நந்திக்குத் தாடை உடைந்திருக்கும். அதற்கு ஒரு கதை இருக்கிறது, கச்சியப்ப முனிவர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய பேரூர்ப் புராணத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். சுந்தரர் பொன் கேட்டு வருகிறார். கொடுக்கச் சிவனிடம் எதுவும் இல்லை. சிவனும் பார்வதியும் பள்ளனும் பள்ளியுமாக வேடமிட்டு நொய்யல் கரை வயலில் நாற்று நடப் போய்விடுகிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்று நந்தியிடம் சொல்லிவிட்டுப் போனாலும், நந்தி கண்ணால் ஜாடை காட்டிக் கொடுத்துவிடுகிறது. கோபத்தில் சிவன் மண்வெட்டியால் தாடையில் ஒரு போடு போடுகிறார். ஆனி மாதத்தில் இன்றும் இங்கே நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. தேவேந்திரகுல வேளாளர் மக்கள் அதில் உரிமையோடு நிற்கிறார்கள், அந்த உரிமையைத் தங்கள் வரலாற்றுச் சான்றாகவும் முன்வைக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டுப் போகும் தோழர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். நொய்யலின் அணைகளையும் குளங்களையும் நம்பித்தான் பேரூரின் வயலும் கோயிலும் இருந்தன. அந்த வயலில் இறங்கி வேலை செய்தவர் யார் என்பதைப் புராணமே மறைக்க முடியாமல் சொல்லிவிடுகிறது. ஒளிந்துகொள்ளக் கடவுளுக்குப் பள்ளர் வேடம் வசதியாக இருந்ததும் கவனிக்க வேண்டியது. சேற்றில் குனிந்து நிற்கிறவரின் முகத்தை யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று கதை சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது.

கோயில் கதவு திறந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பாடப்புத்தகத்தில் பாதி இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யரோடு கக்கனும் மற்றவர்களும் நுழைந்ததைப் படித்திருப்பீர்கள். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1929இல், நம் ஈரோட்டில் குத்தூசி குருசாமி முதலான சுயமரியாதைக்காரர்கள் ஆதிதிராவிடத் தோழர்களை ஈசுவரன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். அதற்காக வழக்கும் வந்தது. இது ஏனோ பாடத்தில் வருவதில்லை. 1939 சட்டம், கோயிலைத் திறக்க விரும்பும் அறங்காவலர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. நுழைவது நம் உரிமை என்று சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆனது 1947 சட்டத்தில்தான். இன்று யாராவது தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். 2015 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 3(1)(za) இதைத் தெளிவாகவே சொல்கிறது. எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பேரூரில் தேவைப்படாது, உங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் தேவைப்படலாம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் வரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வாருங்கள். நானும் கும்பிடப் போவதில்லை. கும்பிடுகிற தோழரைக் கிண்டல் செய்யாமல் இருந்தால் போதும், அவர் பாட்டி நிற்க முடியாத இடத்தில் அவர் நிற்கிறார்.

காந்திபுரத்திலிருந்தும் உக்கடத்திலிருந்தும் பேருந்து இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். சிறிய டார்ச் ஒன்று கொண்டுவாருங்கள். கல்வெட்டின் மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். சுண்ணாம்போ மாவோ தேய்க்கக் கூடாது, கல் கெடும். படம் எடுக்க அனுமதி இல்லாத இடத்தில் கையால் வரைந்துகொள்ளுங்கள். கோயிலைப் பார்த்து முடித்ததும் நொய்யல் படித்துறை வரை நடப்போம். திதி கொடுக்க வந்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள், வழிவிட்டு நில்லுங்கள். தேர்வீதிகளையும் அப்படியே சுற்றி வரலாம். எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், தேர் எந்தத் தெரு வரை போய்த் திரும்புகிறது என்று அங்கே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்காகத் தனியாக ஒரு நோட்டு கொண்டுவாருங்கள்.