குத்தகை உழவரும் தொழில்முனைவோரே!

தொழில்முனைவோர் என்றதும் புதிய செயலி ஒன்றை உருவாக்கிவிட்டு முதலீட்டாளரைத் தேடும் இளைஞரே இன்று நினைவுக்கு வருகிறார். அதற்கு இணையான 'ஆந்த்ரப்ரனேர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளியலில் இலக்கணம் வகுத்தவரோ, முதலில் சுட்டியது உழவரை.

'ஆந்த்ரப்ராந்த்ர்' என்ற வினைக்கு ஒரு செயலை மேற்கொள்ளுதல் என்று பொருள். பாலம், கோட்டை முதலிய பணிகளைக் குறித்த தொகைக்கு ஒப்புக்கொண்டவர்கள் இப்பெயர் பெற்றனர். ஆங்கிலத்தில் 'அண்டர்டேக்கர்' என்றனர். ஆடம் ஸ்மித்தும் அப்படியே எழுதினார். பின்னர் அச்சொல் ஈமச்சடங்கு நடத்துவோருக்கு உரியதாகிவிட்டது!

இலக்கணம் வகுத்தவர் ரிச்சர்ட் கான்டிலான். அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வங்கித் தொழில் நடத்தியவர். ஜான் லாவின் மிசிசிப்பி பங்கு மோகம் 1720-இல் சரிந்து பலர் நொடித்தபோது, பெரும்பொருள் ஈட்டியவர். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக் கம்பெனி 1719-இல் அந்த லாவின் நிறுவனத்தோடுதான் இணைக்கப்பட்டது. லாவின் உடன்பிறந்தார் மகன் பின்னாளில் இங்கு ஆளுநரானார். நம் லாஸ்பேட்டை அவர் பெயரைத் தாங்கியதே.

கான்டிலானின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1755-இல் வெளிவந்தது. தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவரே ஆந்த்ரப்ரனேர் என்பது அவர் கருத்து. நில உரிமையாளருக்கு உறுதியான தொகையை ஒப்புக்கொண்டு, விளைச்சலும் விலையும் அறியாமல் உழுபவர் அவர்களுள் ஒருவர். தண்ணீர் சுமந்து விற்பவரும், பிச்சைக்காரரும், திருடரும்கூட அவர் பட்டியலில் உண்டு.

இதை வகுப்பில் விளக்கியபோது பாகூர் மாணவர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் என் அப்பாவும் ஆந்த்ரப்ரனேர்தானா, சார்?" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் தந்தை குத்தகைக்கு நெல் பயிரிட்டவர். ஆம் என்றேன்.

1911-இல் ஷும்பீட்டர் புதுமை செய்பவரையே முனைவோர் என்றார். இடரைச் சுமப்பவர் பணம் கொடுத்தவர் என்று ஒதுக்கினார். நம் 'முனைவோர்' என்ற சொல்லிலும் முயற்சி தெரிகிறது, இடர் தெரிவதில்லை.

பாகூர் ஏரிப் பாசனத்திலும் வில்லியனூரின் ஊசுட்டேரி ஓரத்திலும் வடகிழக்குப் பருவமழையில் கதிர் சாய்ந்தாலும், பேசிய குத்தகையை அளந்தாக வேண்டும். பேச்சோ பெரும்பாலும் வாய்மொழி. எனவே கடன் கேட்டாலும் இழப்பீடு கேட்டாலும், பயிரிட்டது தாமே என்று மெய்ப்பிக்க அவர்களிடம் காகிதம் இல்லை. புதிய நிறுவனங்களின் இடரைப் பகிர்ந்துகொள்ள முன்வரும் அரசு, குத்தகையை எழுத்தில் பதிந்து, பயிரிடுபவர் பெயரிலேயே கடனும் காப்பீடும் கிடைக்கச் செய்யலாம்.