வேறாக முடிந்திருந்தால்? உலகப் போர்களும் நம் தெருவும்

நமது சங்கம் நடத்தும் மாலை வகுப்பில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நேதாஜியின் படை டில்லி வந்து சேர்ந்திருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று வினவினான். இந்தியா சில ஆண்டுகள் முன்னரே விடுதலை பெற்றிருக்கக்கூடும் என்று விடை கூறினோம். அவன் அமரவில்லை. "நமக்கு என்று கேட்டேன் ஐயா" என்றான். நம் தெருவுக்கு என்பது அவன் கருத்து. அன்று நம்மிடம் விடை இல்லை. அந்தக் கடனை இவ்வெள்ளி விழா மலரில் இயன்ற அளவு தீர்க்க முற்படுகிறோம்.

போர் வேறாக முடிந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதை வீண் வேலை என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் வின்ஸ்டன் சர்ச்சிலே அதைச் செய்திருக்கிறார். 1931இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூலில் அவர் எழுதிய கட்டுரை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863ஆம் ஆண்டு கெட்டிஸ்பர்க் களத்தில் தென்னாட்டுத் தளபதி லீ வென்றுவிட்டதாகக் கற்பனை செய்கிறது. வென்ற லீ தாமே அடிமை முறையை ஒழித்துவிடுகிறார். பின்னர் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒன்றுகூடி 1914ஆம் ஆண்டுப் போரையே தடுத்துவிடுகின்றன. அழகிய கற்பனைதான். ஆனால் ஏறத்தாழ நாற்பது இலட்சம் அடிமைகளின் விடுதலை அதில் ஒரு தளபதியின் பெருந்தன்மையாகச் சுருங்கிவிடுகிறது. உண்மை வரலாற்றிலோ கறுப்பின மக்களுள் ஒரு இலட்சத்து எண்பதினாயிரம் பேர் அளவில் வடநாட்டுப் படையில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டனர். மாற்று வரலாறு எழுதும் எவரையும், அதில் அடித்தட்டு மக்கள் எங்கே நிற்கின்றனர் என்று முதலில் கேட்க வேண்டும். நம் மாணவன் கேட்டதும் அதைத்தான்.

முதல் உலகப் போரில் தமிழகம் கண்ட நேரடித் தாக்குதல் ஒன்றே. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்தது. அது மேலும் சில இரவுகள் தங்கியிருந்தால்? பெரிதாக ஒன்றும் மாறியிராது என்பதே எம் கருத்து. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே அக்கப்பல் அழிந்தது. 'அவன் பெரிய எம்டன்' என்ற வழக்கு மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது. வேறாக முடிந்திருக்கலாம் என்று கருதத்தக்க இடங்கள் சிலவே. அவற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தகைய இடம் ஒன்று இம்பால். 1944 மார்ச்சு முதல் சூலை வரை அங்கும் கோஹிமாவிலும் நடந்த போரில் ஜப்பானியப் படையுடன் இந்திய தேசிய இராணுவமும் முன்னேறியது. ஏப்ரல் 14ஆம் நாள் மொய்ராங்கில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. உணவு வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது, எதிர்ப்படைக்கோ வானூர்தி வழியே எல்லாம் வந்து இறங்கின. மழை ஒரு மாதம் பிந்தியிருந்தால் இம்பால் வீழ்ந்திருக்கலாம். எனினும் பசிபிக் கடலில் ஜப்பான் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. ஆகவே டில்லி வரை வெற்றி நீண்டிருக்கும் என்று கூறத் துணிவில்லை.

நேதாஜியின் படையில் மலேயாத் தோட்டத் தமிழர் ஏராளமாகச் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் பால்மரம் வெட்டிய பெண்களும் இருந்தனர். அவர்களுள் நம் மக்கள் பலர். அந்த வீரத்துக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அதே தோட்டங்களிலிருந்துதான் ஜப்பானியர் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்தனர். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் அறுபதினாயிரம் பேர் அதில் உழைத்தனர். அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. உழைத்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம். காலராவில் மாண்ட தமிழர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எம் பாட்டனாரின் தமையனார் மலேயாத் தோட்டத்திலிருந்து அனுப்பிய கடைசி மணியார்டர் 1941இல் வந்தது. பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஜப்பான் வென்ற உலகை நாம் கற்பனை செய்யும்போது அந்தப் பாதையையும் சேர்த்தே கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது.

மற்றோர் இடம், குண்டு ஒன்றும் வெடிக்காத இடம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதமே கிரிப்ஸ் டில்லிக்கு வந்தார். அவருடைய யோசனைகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கேடானவை என்று அண்ணல் அம்பேத்கர் எதிர்த்தார். காங்கிரசும் லீகும் தத்தம் காரணங்களால் மறுத்தன. தூது தோற்றது. சூலையில் வைசிராயின் நிர்வாக சபை விரிவாக்கப்பட்டபோது அண்ணல் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் நம் மக்களுக்கு 8 1/3 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1944இல், இம்பாலில் பீரங்கி முழங்கிய அதே ஆண்டில், பள்ளி இறுதிக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. 1946இல் ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48ஆகக் குறைக்கப்பட்டது.

கிரிப்ஸ் தூது வென்றிருந்தால்? கட்சித் தலைவர்களின் அமைச்சரவை ஒன்று டில்லியில் அமர்ந்திருக்கும். அதில் அண்ணலுக்கு இடம் கிடைத்திருக்குமா? கிடைத்திராது என்றே எண்ணுகிறோம். இம்மலரைப் படிக்கும் தம்பி தங்கையரில் பலர் பெறும் உதவித்தொகை பிந்தியிருக்கும், அல்லது வேறு உருவில் வந்திருக்கும்.

அப்படியானால் வெள்ளையரின் போர் நமக்கு நன்மை செய்தது என்று பொருளா? நண்பர் ஒருவர் எம்மை இவ்வாறே மடக்கினார். அவ்வாறு கூற எம் நா எழவில்லை. அதே போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் முப்பது இலட்சம் பேர் அளவில் மாண்டனர். அவர்களில் நிலமற்ற கூலிகளே மிகுதி. அதே ஆண்டில் நிலக்கரி வேண்டுமென்று பெண்களை மீண்டும் சுரங்கத்தின் அடியில் இறக்கினர். அண்ணல் அத்துறையை வகித்த காலத்திலேயே இது நடந்தது. 1946 பிப்ரவரியில்தான் தடை திரும்பியது. இதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

படையின் கதையும் இவ்வாறே. அண்ணலின் தந்தையார் இராம்ஜி படையில் சுபேதார். படைப் பள்ளியின் தலைமையாசிரியர். (எம் தொழிலர் என்பதில் எமக்குச் சிறு பெருமை உண்டு.) பின்னர் மகார்களுக்குப் படையின் வாயில் அடைக்கப்பட்டது. முதற் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1917இல் 111ஆம் மகார் படைப்பிரிவு எழுந்தது. போர் முடிந்து தேவை தீர்ந்ததும் 1921இல் கலைக்கப்பட்டது. அந்த ஆண்டில் அண்ணல் இலண்டனில் மாணவர். 1941இல் மீண்டும் மகார் படைப்பிரிவு எழுந்தபோது அவர் வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அமர்ந்திருந்தார். அப்படைப்பிரிவு இன்றும் கலையவில்லை. இரண்டு போர்களுக்கும் இடையே மாறியது அந்த ஒன்றுதான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காத கணக்கு தவறு.

இனி நம் ஊர். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். பட்டாசுத் தொழிலோ இரண்டாம் போரின் பிள்ளை. போரினால் வெளிநாட்டு வாணங்கள் வருவது குன்றியது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தன. அதையொட்டியே உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் இங்கே தோன்றின. ஜப்பானியர் பர்மாவில் நின்ற காலத்தில் வேர்விட்ட தொழிலால் செழித்த ஊருக்குக் குட்டி ஜப்பான் என்று பெயர் வந்ததை எண்ணினால் சிரிப்பு வருகிறது.

இவற்றையெல்லாம் சென்ற மாதம் அம்மாணவனிடம் கூறினோம். அவன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுடைய அன்னையார் பயராபீசில் திரி வேலை பார்ப்பவர். கேட்டுக்கொண்டிருந்தவன், "அந்தப் போரே வராதிருந்தால் என் அம்மா இன்று எங்கே வேலை பார்த்திருப்பார் ஐயா?" என்றான். இது மானம் பார்த்த கரிசல் பூமி. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியிருக்கலாம், பிறர் காட்டில் பருத்தி எடுத்திருக்கலாம் என்றோம். "படித்திருக்க மாட்டாரா?" என்று கேட்டான்.