மூலிகைகளிலும் உலர்பழங்களிலும் பூஞ்சை நச்சு: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

பூஞ்சை நச்சு என்பது, சரியாகக் காயாத தானியம், எண்ணெய்வித்து, மூலிகைச் சரக்கு, உலர்பழம் ஆகியவற்றில் வளரும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் வேதிப்பொருள். பூஞ்சையைத் துடைத்தெடுத்த பிறகும் நச்சு பொருளிலேயே தங்கிவிடும். இவ்வகை நச்சுகளில் மிகக் கொடியது அஃப்ளாடாக்சின். அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், அஸ்பெர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சைகளே பெரும்பாலும் இதை உண்டாக்குகின்றன. இரண்டும் மண்ணில் இயல்பாக வாழ்பவை.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கின்றன இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். அருகிலுள்ள சதுரகிரி, சித்தர்களின் மூலிகை மலை என்று பெயர் பெற்றது. 1988-இல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இம்மலைக்காட்டில் பளியர் பழங்குடியினர் வாழ்கின்றனர். மூலிகை அறிவு அவர்களுக்கு வழிவழியாக வந்தது. மலைச்சரிவில் ஈரம் மிகுதி. அடிவாரச் சமவெளியிலோ ஆண்டின் பெரும்பகுதி நல்ல வெயில் அடிக்கும். சரக்கு உலர்த்த இந்த வெயில் பெரிய வசதி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் களத்தில் கிடக்கும் சரக்கு நாள்கணக்கில் அரை ஈரத்திலேயே இருக்கும். பூஞ்சைக்கு அது போதும்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி, அதிமதுரம், திப்பிலி, சுக்கு, நிலாவாரை போன்ற நாட்டு மருந்துச் சரக்குகளில் பல வெளியூர்களிலிருந்து, கை பல மாறித்தான் கடைக்கு வருகின்றன. உலர்திராட்சை மகாராஷ்டிரத்திலிருந்தும் பேரீச்சை மேற்காசியாவிலிருந்தும் வருகின்றன. எந்தக் கிட்டங்கியில், எத்தனை மாதம், எப்படிப்பட்ட சாக்கில் கிடந்தது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது 1960-இல். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து தருவித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் படர்ந்திருந்த பூஞ்சையே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இந்தியாவின் பெருந்துயரம் 1974-இல் நடந்தது. அவ்வாண்டு பருவம் தப்பிப் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று, இராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் 397 பேர் கல்லீரல் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். மூலிகைச் சரக்கும் தப்பவில்லை. பீகாரின் பாகல்பூர் ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 15 மருந்துச் சரக்குகளில் 14-இல் அஃப்ளாடாக்சின் இருந்தது.

25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமும் பொருளுக்குள் எஞ்சிய ஈரமும் சேர்ந்தால் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகள் நச்சைச் சுரக்கத் தொடங்கும். வெப்பம் நம் ஊரில் எப்போதும் உண்டு. ஆகவே மனிதர் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். இலை, பூ வகைகளை நிழலில் உலர்த்தச் சொல்வது மரபு. மணமும் சத்தும் போகாமலிருக்க அது சரியான வழி. ஆனால் காற்றோட்டமில்லாத அறையில் கும்பலாகக் குவித்து வைத்தால் அதே நிழல் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும்.

உலர்ந்த அத்திப்பழத்தில் இந்த ஆபத்தை நேரில் பார்க்கலாம். வெளித்தோல் சுத்தமாக இருக்கும். பிளந்தால் உள்ளே விதைகளுக்கு நடுவே பச்சையும் மஞ்சளும் கலந்த பொடி படிந்திருக்கும். துருக்கியில் இருட்டறைகளில் புற ஊதா விளக்கின் கீழ் பழங்களைப் பரப்பி, பச்சை மஞ்சளாக ஒளிர்பவற்றைக் கையால் பொறுக்கி நீக்குகிறார்கள். ஒரு மூட்டையில் ஒன்றிரண்டு பழங்களில் மட்டும் நச்சு குவிந்திருக்கலாம். பிடி அளவு எடுத்துச் சோதித்துவிட்டு மூட்டை நல்லது என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஐரோப்பிய விதிகள் பெரிய சரக்குத் தொகுதி ஒன்றுக்கு, பல இடங்களில் எடுத்துச் சேர்த்த 30 கிலோ மாதிரி வேண்டும் என்கின்றன. உலர்திராட்சையில் கரும்பூஞ்சை உண்டாக்கும் ஓக்ராடாக்சின் வேறு வகை. அது சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

அஃப்ளாடாக்சின் பி1 கல்லீரலுக்குள் போய், அங்குள்ள நொதிகளால் உருமாறி மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருளாக வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. நம் ஊர் வழக்கத்தில் கவலைக்குரிய இடம் இதுவே: காமாலை கண்டவர் கீழாநெல்லியையும், வயிறும் கல்லீரலும் சீராகத் திரிபலாவையும் நாடுகிறார்கள். ஏற்கெனவே நலிந்த கல்லீரலோடு வருபவருக்குக் கொடுக்கும் சரக்கை, சமையல் மிளகாய்க்கு வைக்கும் அளவுகோலால் மட்டும் அளப்பது போதாது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மசாலாப் பொருள்களில் கிலோவுக்கு மொத்த அஃப்ளாடாக்சின் 30 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கின்றன. மூலிகை மருந்துக்கு ஐரோப்பிய மருந்துநூல் வைத்திருக்கும் வரம்பு 4 மைக்ரோகிராம்.

கஷாயமாகக் கொதிக்க வைத்தால் நச்சு போய்விடும் என்ற நம்பிக்கை தவறு. இது 250 டிகிரிக்கு மேல்தான் சிதையும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. சுக்குக்குச் சுண்ணாம்பு தடவிச் சுத்தி செய்யும் சித்த மருத்துவ முறையும் இதற்கு மாற்றாகாது. காரத்தில் இந்நச்சின் மூலக்கூறு வளையம் திறந்துகொள்வது உண்மை. ஆனால் வயிற்று அமிலத்தில் அது மறுபடி மூடி, பழைய உருவத்துக்கே திரும்பக்கூடும்.

நச்சு பால் வழியாகவும் வரும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைத் தின்ற மாடு, அதில் ஒரு பங்கை அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாற்றிப் பாலில் விடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போவதில்லை. சுண்டச் சுண்ட நீர்தான் குறைகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குப் பெயர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் தீவனக் கிடங்குகளைக் கவனிப்பதும் நச்சுத் தடுப்போடு சேர்ந்த வேலைதான்.

சித்த, ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்கு மருந்து விதிகளின் ‘டி’ (T) அட்டவணை பொருந்தும். மூலப்பொருள் வைப்பறை, சோதனை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. நடைமுறையில் செய்ய வேண்டியவை எளியவை. மண்ணில் போடாமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். அந்தி விழுமுன் மூட வேண்டும். சுவரையும் தரையையும் தொடாதபடி மரப்பலகை மேல் சாக்குகளை அடுக்க வேண்டும். நனைந்து மக்கல் வாடை வந்த சரக்கை மறுபடி வெயிலில் போட்டு விற்பது குற்றத்துக்குச் சமம். சூரணமாக இடித்துவிட்டால் நல்லதும் கெட்டதும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும். எனவே கடுக்காய், நெல்லிமுள்ளி போன்றவற்றை முழுதாக வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளே நிறம் மாறியதையும் வண்டு துளைத்ததையும் ஒதுக்கிய பிறகே இடிப்பது நல்லது.