எட்டுப் பேருக்கு ரேஷன் வந்த வழி

நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கைக் காட்டிக் கொடுத்தது யார்? எண்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வி ஓயவில்லை. டச்சு அதிகாரிகள் 1947-48இல் விசாரித்தார்கள், 1963-64இல் மறுபடியும் விசாரித்தார்கள். 2022இல் ஒரு யூத நோட்டரியின் மேல் பழி சுமத்தி ஒரு புத்தகம் வந்தது. டச்சு வரலாற்றாய்வாளர்கள் அதன் ஆதாரங்களை அடுக்கடுக்காக மறுத்ததும் நெதர்லாந்துப் பதிப்பகம் அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. இறந்துபோன ஒரு மனிதர் மேல் இவ்வளவு பெரிய பழியை இவ்வளவு எளிதாகப் போட முடிந்ததே என்பது என்னை வெகுவாக உறுத்தியது. அதனால் வேறு முனையிலிருந்து தேடத் தொடங்கினேன். 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை, 25 மாதங்கள், ஆம்ஸ்டர்டாம் பிரின்சன்கிராக்ட் 263இன் பின்கட்டில் ஒளிந்திருந்த ஆனும் மற்றவர்களும், மொத்தம் எட்டுப் பேர், எப்படிச் சாப்பிட்டார்கள்?

கேட்பதற்குச் சாதாரணக் கேள்விதான். ஆனால் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் ரொட்டி, உருளைக்கிழங்கு, கொழுப்பு, சோப்பு எல்லாமே கூப்பனுக்குத்தான். கூப்பன் வேண்டுமென்றால் அரசுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். தலைமறைவானவருக்கு அது ஏது? சுவரும் கதவும் கிடைத்துவிட்டால் ஒளிந்துவிடலாம் என்று நினைப்போம். அந்தச் சுவருக்கு வெளியே ஒருவர் தினமும் தன் தலையைப் பணயம் வைத்து உணவு தேடினால்தான் உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்க முடியும்.

இங்கேதான் ஆவணத் தேடல் கடினமாகிறது. காப்பாற்றியவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, எழுதினால் சாவு. பிடித்தவர்களோ எல்லாவற்றையும் எழுதினார்கள். 1943 மார்ச் முதல் இலையுதிர் காலம் வரை ஆம்ஸ்டர்டாமில் ஹென்னைக்க என்பவரின் தலைமையில் ஒரு டச்சுக் கும்பல் யூதர்களை வேட்டையாடியது. பிடிபட்டவர்கள் 8,000க்கும் மேல். தலைக்கு 7.50 கில்டர் கூலி, பின்னால் அதற்கும் கூடுதல். அந்தக் கூலிக்கான ரசீதுகள் இன்றும் இருக்கின்றன. தொகை, தேதி, கையொப்பம் என்று ஒரு குறையும் இல்லாத கணக்கு. அந்தக் கணக்கில் வருகிற ஒவ்வொரு 7.50க்கும் பின்னால் ஒரு பரண், ஒரு நிலவறை, அங்கிருந்து இழுத்து வரப்பட்ட ஒரு மனிதர். கொன்றவர்களின் காகிதம் மலைபோல் குவிந்திருக்க, காத்தவர்களின் காகிதத்தைத் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

துண்டுகள் பெரும்பாலும் ஆனின் நாட்குறிப்பிலேயே கிடக்கின்றன. ரொட்டி, ஒளிந்திருந்தவர்களுக்கு உதவியவர்களில் ஒருவரான கிளைமனுக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரரிடமிருந்து வந்தது. கூப்பன், உதவியவர்களில் இன்னொருவரான மீப் கீஸின் கணவர் யான் வழியாக வந்தது. மீப் பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஒரு செய்தி இருக்கிறது: தலைமறைவு இயக்கம் கேட்டதற்கு இணங்க, உண்மையிலேயே இத்தனை பேருக்குச் சோறு போடுகிறோம் என்று காட்ட, ஒளிந்திருந்தவர்களின் அடையாள அட்டைகளை யான் எடுத்துச் சென்றாராம். யூதர் என்பதைக் காட்டும் ‘ஜே’ எழுத்து குத்திய அட்டைகள். சோதனையில் ஒன்று அகப்பட்டாலும் எல்லோரும் தொலைந்தார்கள். ஒருவரைச் சாகடிக்க அச்சடித்த அட்டையை வைத்தே அவருக்கு ரொட்டி வாங்கிய துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

காய்கறி, பக்கத்து லேலிகிராக்டில் கடை வைத்திருந்த ஹென்ட்ரிக் வான் ஹூவவிடமிருந்து. உருளைக்கிழங்கை அவர் கொண்டுவந்து இறக்குவது மதிய இடைவேளையில், கட்டடத்தின் கிடங்கு ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. மூட்டையின் அளவே அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கும். அவர் வாய் திறக்கவில்லை. தன் வீட்டிலும் இரண்டு யூதர்களை ஒளித்து வைத்திருந்த அவரை 1944 மே 25 அன்று கைது செய்தார்கள். அன்றைய குறிப்பில் ஆன் அவருக்காக வருந்துகிறாள். அடுத்து, இனிக் காலை உணவு கிடையாது என்று கணக்குப் போடுகிறாள். ஒருவர் கைதானதும் இன்னொரு வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு நின்றுபோகிறது. உள்ளே இருந்தவர்களின் உயிர் வெளியே இருந்தவர்களை நம்பியே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தடத்திலேயே பின்னோக்கிப் போனால் 1944 மார்ச் 10 வருகிறது. ‘பி’, ‘டி’ என்று முதலெழுத்தால் குறிக்கப்படும் இருவர் பிடிபட்டதாக ஆன் எழுதுகிறாள். கீழே இருந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிகள், கள்ளக் கூப்பன் தருகிறவர்கள். நான்கு நாள் கழித்து, கொழுப்பு இல்லை என்று குறிப்பு. 2016இல் ஆன் ஃபிராங்க் இல்லத்தின் ஆய்வாளர் கெர்ட்யான் ப்ரூக் இந்த இழையைப் பிடித்து, காவல்துறை, நீதித்துறை ஆவணங்களோடு சேர்த்துப் படித்தார். ஆகஸ்ட் 4 அன்று சோதனைக்கு வந்து எட்டுப் பேரையும் பிடித்தவர்கள் யூத வேட்டைக்கென்றே வந்திருக்க வேண்டியதில்லை, கூப்பன் மோசடியோ சட்டவிரோத வேலையோ தேடி வந்து ஒளிந்திருந்தவர்களைத் தற்செயலாகக் கண்டிருக்கலாம் என்பது அவர் முன்வைத்த சாத்தியம். சோதனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டதையும் அவர் கவனித்தார். தொலைபேசியில் துப்பு வந்தது என்ற பழைய கதையோ, கைது செய்த அதிகாரி சில்பர்பாவர் 1963இல் வியன்னாவில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சொன்னது. அந்த அழைப்பை ஏற்றதாக அவர் கைகாட்டிய மேலதிகாரி 1945லேயே செத்துப்போனவர்.

ப்ரூக்கின் கருத்து நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. துரோகி ஒருவரைக் கற்பித்துக்கொள்ளாமலே ஆவணங்களோடு பொருந்திப் போகிற விளக்கம் அது.

இனி நான் பார்க்க விரும்புவது ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தை. போருக்குப் பின் ஜெர்மானியருக்கு ஒத்துழைத்ததாக விசாரிக்கப்பட்டவர்களின் கோப்புகள் அங்கே 3.8 கிலோமீட்டர் நீளத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. 2025 ஜனவரி 2 அன்று ஏறத்தாழ 4,25,000 பெயர்கள் கொண்ட பட்டியல் இணையத்தில் வந்தது. கோப்புகளைப் படிக்க நேரில்தான் போக வேண்டும். ஆனின் 1944 மார்ச் 23 குறிப்பின்படி அந்தக் கூப்பன்காரர்கள் இருவரும் விடுதலையாகிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. விசாரித்த போலீஸ்காரர்கள் அவர்களுடைய வேலையிடம் என்று எந்த முகவரியைக் குறித்துக்கொண்டார்கள், அந்தத் தாள் யார் மேஜைக்குப் போனது? கேட்க வேண்டியது இதைத்தான். பதில் இருந்தால், அதே போலீஸ்காரர்கள்மேல் பின்னால் நடந்த விசாரணைக் கோப்புகளில்தான் இருக்க வேண்டும்.