பெருங்குடல் புற்றுநோய்: சிகிச்சையின் வரலாறு

1920களின் தொடக்கத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளவயதிலேயே மறைந்தார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அக்காளாலும் தங்கையைக் காக்க இயலவில்லை. அந்தத் துயரமே 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவாக வித்திட்டது. 12 படுக்கைகளுடன் தொடங்கிய அதனை அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தனர்.

நோயின் நிலைகள்

இந்நோயில் முதற்கேள்வி, அது எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதே. 1932இல் லண்டன் மருத்துவர் கத்பர்ட் டியூக்ஸ் மலக்குடல் புற்றுநோயை மூன்றாகப் பிரித்தார்: குடல் சுவருக்குள் அடங்கியது, சுவரைத் தாண்டியது, நிணநீர் முடிச்சுகளை எட்டியது. இன்றைய நான்கு நிலைப் பகுப்புக்கு இதுவே முன்னோடி. கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் பரவுவது நான்காம் நிலை.

அறுவை சிகிச்சையில் குடல் பகுதியோடு நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, குறைந்தது 12 முடிச்சுகளையாவது ஆராய்கிறார்கள். அவற்றில் நோய் இருந்தால் அது மூன்றாம் நிலை. அப்போது கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் உடலில் வேறெங்கோ தங்கியிருக்கலாம். அவற்றை அழிக்கவே கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை தேவைப்படுகிறது.

மருந்துகள் வந்த வழி

1957இல் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் 5-ஃப்ளோரோயுராசில் மருந்தை அறிமுகப்படுத்தினர். புற்றணு இதனைத் தனக்கு வேண்டிய மூலப்பொருள் என்று எண்ணி ஏற்கிறது. அதனால் புதிய டிஎன்ஏ உருவாவது தடைப்படுகிறது. நைந்த இழையைப் பாவில் சேர்த்தால் அது அறுந்து தறி நிற்பதைப் போன்றது இது.

1990இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் இம்மருந்தை லெவாமிசோலுடன் சேர்த்துத் தந்தபோது இறப்பு அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2004இல் வெளியான ஆய்வு, ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்தால் நோய் திரும்புவது மேலும் குறையும் எனக் காட்டியது. ஆனால் அம்மருந்து விரல்களை மரத்துப்போகச் செய்யும். இழையை விரல்நுனியால் உணர்ந்து முடியும் நெசவாளருக்கு இது பிழைப்பையே பாதிக்கக்கூடியது. 2018இல் வெளியான ஆய்வுகளின்படி, மூன்றாம் நிலையிலும் அபாயம் குறைந்தவர்களில் பலருக்கு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதச் சிகிச்சை போதும். ஆகவே தம் தொழிலை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிழைக்கும் வாய்ப்பு

அமெரிக்கக் கணக்குப்படி, குடலோடு நின்ற நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவியிருந்தால் ஏறக்குறைய ஏழு பேர். தொலைவில் பரவியிருந்தால் ஒருவர் அல்லது இருவர். ஆனாலும் நான்காம் நிலை என்றதும் கைவிட வேண்டியதில்லை. கல்லீரலில் மட்டும் சில கட்டிகள் இருந்தால், அவற்றையும் வெட்டியெடுத்துச் சிலர் முழுமையாகக் குணமடைந்துள்ளனர்.

காஞ்சிபுரத்தில்

காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968இல் நியூயார்க் வரை சென்று அறுவை சிகிச்சை பெற்றார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். இன்று அவர் பெயரிலேயே காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது.

மருத்துவமனை அருகில் இருந்தும், நோயாளி தாமதித்தால் பயனில்லை. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து வேலை செய்பவர் மலத்தில் இரத்தம் கண்டால், அதை மூலம் என்று எண்ணிக் கைவைத்தியத்தோடு நின்றுவிடக்கூடும். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். எனினும் இரத்தப்போக்கு தொடர்ந்தாலோ, மலம் கழியும் வழக்கம் மாறினாலோ, காரணமின்றி எடையும் இரத்தமும் குறைந்தாலோ கொலோனோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது, இன்று மூலம் என்ற பெயரில் மீண்டும் தவறவிடப்படக் கூடாது.