எழுத்தைக் கோடாக்கிய ஓவியர் பணிக்கர்

தாம்பரம் தொடங்கி இஞ்சம்பாக்கம் கடற்கரை வரை விரியும் தென்சென்னைப் புறநகருக்கு இந்திய நவீன ஓவிய வரலாற்றில் நிலையான இடம் தேடித் தந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், தந்தித் துறையில் வேலை பார்த்தபின் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, 1957இல் அதன் முதல்வராகவே உயர்ந்தார்.

1954இல் லண்டனிலும் பாரிஸிலும் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்த அவருக்கு, நம் மண்ணில் வேர் பிடித்த நவீன ஓவியம் எது என்ற கேள்வி ஓயவில்லை. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையே அவர் கண்ட விடை. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டில் நெருக்கமாகக் கிடந்த எண்களும் குறிகளும் அதற்குத் தூண்டுதலாயின என்பர்.

இவ்வரிசை ஓவியங்களை நெருங்கிப் பார்த்தால் அடுக்கு அடுக்காகப் பொருள் விரியும். அடியில் வெளிறிய வண்ணப் பரப்பு. அதன்மேல் ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், வட்டங்கள், முக்கோணங்கள். இடையிடையே மீன், பாம்பு, பறவை. எங்கும் எறும்புச் சாரை போல் பொடி எழுத்துகள். மலையாள எழுத்தின் சாயல் தெரிகிறது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. பொருள் விலகியதும் எழுத்தின் சுழியும் வளைவும் தனித்து எழுகின்றன. அங்கங்கே வைத்த அழுத்தமான நிறம் கண்ணை நிறுத்தி, மறுபடியும் வரிகளுக்குள் அனுப்புகிறது. ஏட்டிலும் பஞ்சாங்கத்திலும் தலைமுறைகளாக நம் கண் பழகிய கோடுகளே இங்கு ஓவியமாகின்றன. வண்ணம் அக்கோட்டுக்கு இடம் விட்டு நிற்கிறது. பணிக்கரின் தனிப்பெரும் சாதனை இதுவே.

கலைக்கு மொழி கண்டவர் கலைஞருக்கு வாழ்விடமும் கண்டார். 1966இல் அவர் தலைமையில் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற வருவாயே கலைஞர்களைத் தாங்கியது. பிழைப்புக்குக் கைத்தொழில் இருந்ததால், சந்தையின் விருப்பத்துக்குத் தூரிகையை வளைக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. கே.வி. ஹரிதாசன், ஜே. சுல்தான் அலி போன்ற ஓவியர்கள் அச்சூழலில் தத்தம் வழியில் வளர்ந்தார்கள்.

பணிக்கர் 1977இல் மறைந்தார். சோழமண்டலம் இன்றும் இயங்குகிறது. பணிக்கரும் அவர் தலைமுறையினரும் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை அங்குள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். நம் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். தாம் நாள்தோறும் நோட்டில் எழுதும் எழுத்துக்குள்ளேயே ஓவியம் இருக்கிறது என்பதை அவர்கள் நேரில் அறியட்டும்.