மாற்றியமைத்த எகிப்தியம்: மோர்மன் நூலின் மூல எழுத்துப் பற்றிய வாதம்

பண்டைக்காலத்தில் ஓர் எழுத்து முறை வழங்கிற்று என்று கூறுவோர், அவ்வெழுத்துப் பொறித்த கல்லையோ, ஓட்டையோ, ஏட்டையோ சான்றாகக் காட்டுதல் வழக்கம். கல் கிடைத்தும் வாசிக்க இயலாத எழுத்துக்கள் பல உள. எழுத்தைத் தாங்கிய பொருள் மறைந்துபோக, அதனின்று பெயர்க்கப்பட்டதாகச் சொல்லப்படும் நூல் மட்டும் எஞ்சியிருத்தலோ அரிதான நிலை. அந்நூலை மறைநூலாகப் போற்றும் மக்கள் பல இலட்சக்கணக்கில் இன்றும் வாழ்கின்றனர் என்பதனால், மோர்மன் சமயத்தார் கூறும் ‘மாற்றியமைத்த எகிப்தியம்’ பற்றிய வாதத்தை ஏளனத்தோடு அணுகுதல் ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. சான்றுகளை நிறுத்துப் பாராமல் விடுதலும் அவனுக்கு ஏற்றதன்று.

யோசேப்பு சிமித் 1805 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வேர்மன்ற் மாநிலத்திற் பிறந்து, நியூயோர்க் மாநிலத்தின் மேற்கே பல்மைறா என்னும் ஊருக்கு அண்மையில் வளர்ந்த ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. 1823 இல் மொறோனி என்னும் தேவதூதன் தமக்குத் தோன்றி, அருகிலுள்ள குன்றொன்றிற் புதைந்துகிடந்த பொற்றகடுகளைப் பற்றி அறிவித்தான் என்றும், 1827 செப்தெம்பர் மாதத்தில் அவை தம் கைக்கு வந்தன என்றும் அவர் கூறினார். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய ஆங்கிலப் பெயர்ப்பே 1830 இல் பல்மைறாவில் 5,000 பிரதிகளாக அச்சேறிய மோர்மன் நூல். தகடுகளைக் கண்டதாக அவரை விடப் பதினொருவர் கையொப்பமிட்டுச் சாட்சி கூறினர். பின்னர் அவை தேவதூதனிடமே மீள ஒப்புவிக்கப்பட்டன என்பது அச்சமயத்தாரின் நம்பிக்கை.

நூல் கூறும் கதை இது: கி. மு. 600 அளவில் எருசலேமை விட்டு நீங்கிய லேகி என்பவரின் குடும்பம் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. அவர் வழிவந்தோரின் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வரலாற்றை மோர்மன் என்பவர் சுருக்கித் தகடுகளிற் பொறிக்க, அவர் மகன் மொறோனி அதனை முடித்துப் புதைத்தான். எழுத்தைப் பற்றி மொறோனியே மூன்று செய்திகள் தருகின்றான். தம்மவர் அதனை மாற்றியமைத்த எகிப்தியம் என அழைத்தனர். அது தம் பேச்சு முறைக்கேற்பத் தலைமுறை தலைமுறையாக மாறி வந்தது. தகடுகளில் இடம் போதியதாயிருந்தால் எபிரேயத்திலேயே எழுதியிருப்பர். தம் மொழியை வேறெந்த மக்களும் அறியார். ஆங்கில மூலத்திலுள்ள சொல்லைச் ‘சீர்திருத்திய’ என்று பெயர்ப்பாரும் உளர். நூலின் கருத்தை நோக்கின் மாற்றம் பெற்றது என்பதே பொருந்தும்.

மூன்றாவது செய்தியிலேதான் வாதத்தின் முடிச்சு இருக்கின்றது. வேறெவரும் அறியாத எழுத்து என்று அதனை வழங்கியோரே கூறிவிட்டபின், அறிந்த எழுத்தோடு ஒவ்வாமையைக் காட்டி அதனை மறுத்தலும், ஒப்புமையைக் காட்டி நிறுவுதலும் ஒருங்கே கடினமாகின்றன.

அக்காலத்திலேயே ஒருமுறை இவ்வெழுத்துக்கள் புலவர் ஒருவரின் முன் வைக்கப்பட்டன. 1828 பெப்புருவரியில், சிமித்துக்கு உதவி புரிந்த மாட்டின் ஹரிஸ் என்னும் செல்வந்த உழவர், தகடுகளினின்று படியெடுத்த எழுத்துக்கள் கொண்ட தாளை எடுத்துக்கொண்டு நியூயோர்க் நகரம் சென்று, கொலம்பியாக் கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கற்பித்த சாள்ஸ் அந்தன் என்பாரைக் கண்டார். ஹரிஸ் கூறியதாகச் சிமித்தின் வரலாறு தரும் செய்தியின்படி, அந்தன் எழுத்துக்கள் மெய்யானவை என்றும் பெயர்ப்புச் சரியானது என்றும் எழுதிக் கொடுத்தார். தகடுகள் தேவதூதனாற் கிடைத்தவை என்று கேட்டதும் அப்பத்திரத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தெறிந்தார். அந்தன் இதனை முற்றாக மறுத்தார். 1834 இலும் 1841 இலும் எழுதிய கடிதங்களில், இது ஏமாற்று வித்தை என உணர்ந்து ஹரிசை எச்சரித்ததாகவே அவர் குறிப்பிடுகின்றார். ஆயினும் முதற் கடிதத்திலே எழுத்து மூலம் எதுவும் தர மறுத்ததாகவும், இரண்டாவதிலே எழுதிக் கொடுத்ததாகவும் அவர் கூறுவது முரண்பாடே. ஹரிசோ உறுதி குன்றாதவராய் ஊர் திரும்பி, பின்னர் 3,000 டொலர் அச்சுக்கூலிக்குத் தம் நிலத்தை ஈடு வைத்தார்.

இவ்விருவரில் எவர் சொல் மெய் என்பது பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. எனக்கோ அவ்வினா அத்துணை முதன்மையானதாகத் தோன்றவில்லை. சாம்போலியன் எகிப்திய எழுத்தின் திறவுகோலைக் கண்டு வெளியிட்டது 1822 இல். அதனை விரித்தெழுதிய நூல் வந்தது 1824 இல். நான்கைந்து ஆண்டுகளுக்குள் அட்லாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில் எகிப்தியப் பெயர்ப்பொன்றின் பிழை திருத்தத்தை ஆராய்ந்து கூறவல்லார் எவரும் இருந்திலர். எனவே அந்தன் ‘சரி’ என்று சொல்லியிருப்பினும் அது சான்றாகாது. எகிப்திய எழுத்தன்று என்று அவர் மறுத்திருப்பினும் அம்மறுப்பு எகிப்தியம் கற்றவரின் தீர்ப்பாகாது. அவர் கடிதங்களுள் நமக்குப் பயன்படுவது அவர் கண்ணாற் கண்டதன் வருணனையே: கிரேக்க, எபிரேய எழுத்துக்களும், தலைகீழாகவும் பக்கவாட்டிலும் வைத்த உரோம எழுத்துக்களும் நெடுநிரல்களாக அமைந்து, பல அறைகளாகப் பகுத்த வட்டமொன்றுடன் முடிந்தன என்கின்றார்.

சிமித்தின் நண்பராகிய விற்மர் குடும்பத்தாரிடம் பேணப்பட்டு வந்த தாள் ஒன்று உண்டு. அதிலே எழுத்துக்கள் ஏழு கிடைவரிகளாக உள்ளன, நிரலுமில்லை, வட்டமுமில்லை. இந்தக் குறையை நிரப்புவதுபோல 1980 இல் வேறொரு தாள் தோன்றிற்று. பழைய விவிலியப் பிரதியொன்றினுள் ஒட்டியிருந்ததாக மாக் ஹொவ்மன் என்பவர் கொணர்ந்த அத்தாளில் நிரலும் வட்டமும் அந்தன் சொன்னவாறே இருந்தன. அறிஞர் மகிழ்ந்தனர், திருச்சபையும் அதனை ஏற்றுப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்தன் கடிதத்தை வாசித்தே ஹொவ்மன் அதனைப் புனைந்திருந்தார். தம் போலிப் பத்திர வாணிகம் வெளிப்படுமென அஞ்சி 1985 ஒக்தோபரிற் சோல்ற் லேக் நகரில் அவர் வைத்த வெடிகளால் இருவர் உயிரிழந்தனர். 1987 இற் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுட்சிறை பெற்றார். எதிர்பார்த்தபடியே கிடைக்கும் சான்று இனிக்கும். அதனாலேயே சோதனை தளர்ந்துவிடுகின்றது.

நம்பிக்கையாளருள்ளும் மொழியறிவு மிக்கோர் உளர். அவருள் ஹியூ நிப்ளி என்பார், எகிப்திய டெமோத்திக் எழுத்தினின்று தோன்றிய மெரோயித்திய எழுத்தை ஒப்புமையாகக் காட்டினார். எகிப்திய எழுத்து மாற்றம் பெற்றதென்பதில் வியப்பில்லை. சித்திர எழுத்து விரைந்தெழுதும் ஹைராத்திக் ஆகவும், அது பின்னர் டெமோத்திக் ஆகவும் மாறியது யாவரும் அறிந்ததே. பாலஸ்தீனத்து அராத் அகழ்விற் கிடைத்த, கி. மு. 600 அளவினவாகிய ஓடுகளில் எபிரேய எழுத்தோடு ஹைராத்திக் எண்குறிகளும் காணப்படுகின்றன. ‘அம்ஹேர்ஸ்ற் 63’ எனப்படும் பப்பிரசுச் சுருளில் அரமேய மொழி டெமோத்திக் எழுத்தில் எழுதப்பட்டுள்ளது. விவிலியத்தின் இருபதாம் சங்கீதத்தை ஒத்த வழிபாட்டுப் பாடலும் அதில் உண்டு. ஆகவே, செமித்திய மொழி பேசுவோர் எகிப்திய எழுத்தைக் கையாளுதல் நடவாத காரியம் என்று கூறுதல் தவறு. இவ்வளவும் அவர்கள் பக்கத்து நியாயமே.

ஆனால் இச்சான்றுகள் யாவும் நைல் நதிக்கும் யூதேயாவுக்கும் உரியன. நிறுவவேண்டியது அமெரிக்கக் கண்டத்து வழக்கு. அங்கே பண்டை எழுத்துக்களுள் மிக விரிவாக வாசிக்கப்பட்டது மாயா எழுத்து. உருசிய அறிஞர் குனோரொசோவ் 1952 இல் வழிகாட்டியபின் படிப்படியாக வாசிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள் மாயா மொழிகளையே பேசுகின்றன. எகிப்தியமோ எபிரேயமோ அவற்றில் இல்லை. நம்பிக்கைக்குப் புறம்பான எகிப்தியவியலாருள்ளும் தொல்பொருளாளருள்ளும் ‘மாற்றியமைத்த எகிப்தியம்’ என்றோர் எழுத்தை ஏற்றுக்கொண்டார் இலர். சுருக்கத்திற்காக எபிரேயத்தைத் தவிர்த்தனர் என்னும் காரணமும் ஐயத்திற்கிடமானது. உயிரொலிகளைப் பெரும்பாலும் விட்டு மெய்களையே எழுதும் எபிரேயம் ஏலவே சுருக்கமான எழுத்தன்றோ.

சிமித்தின் பெயர்ப்புக்களுள் மூலத்தோடு ஒப்பிட வாய்ப்பளித்தது ஒன்றேயொன்று. 1835 இல் எகிப்தியப் பிரேதங்களோடு விலைக்கு வாங்கிய பப்பிரசுச் சுருள்களிலிருந்து, ஆபிரகாமின் நூல் என ஒன்றை அவர் வெளியிட்டார். சுருள்கள் அழிந்தன எனக் கருதப்பட்டிருக்க, அவற்றின் துண்டுகள் சில நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகத்திலிருந்து 1967 நவம்பரிற் திருச்சபையிடம் கையளிக்கப்பட்டன. எகிப்தியவியலார் வாசித்தபோது, அவை ஈமச் சடங்கு ஏடுகளாக இருந்தன, அவற்றுட் சில ஹோர் என்னும் பூசகருக்காக எழுதப்பட்டவை. ஆபிரகாமின் பெயர் அவற்றில் இல்லை. துண்டுகளிலுள்ள எழுத்து நூலோடு பொருந்தவில்லை என்பதைத் திருச்சபையும் 2014 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் கூறியுள்ளது. காணாமற்போன பகுதியில் மூலம் இருந்திருக்கலாம் என்பர் நம்பிக்கையாளர் சிலர். சுருள் வெறும் தூண்டுகோலே, நூல் நேரே அருளப்பட்டது என்பர் வேறு சிலர்.

பொற்றகடுகளுக்கோ அத்தகைய துண்டொன்றும் எஞ்சவில்லை. நெடுநிரல்களும் வட்டமும் கொண்டதாக அந்தன் வருணித்த தாள், 1980 இற் போலியாக ஒருமுறை தோன்றியதன்றி, மெய்யாக இன்னும் வெளிப்படவில்லை.